பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மடிக்கணினியில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகமில்லாத சில்லு டிஸ்க், போட்டால் புதிது போல ஓடும் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பில் தவறு ஏதும் இல்லை. ஆனால் அதில் டிஸ்க்கை மாற்றுவது மட்டும்தான் இருந்தது. திருப்புளி பிடிக்கிற அந்தக் கால் மணி நேர வேலையில் யாரும் பெரிதாக எதையும் இழப்பதில்லை. அதற்கு முன்னும் பின்னும்தான் இழக்கிறார்கள். கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், வேலந்தாவளம் பக்கத்து மக்கள் பொள்ளாச்சிக்கோ பாலக்காட்டுக்கோ பஸ் ஏறிப் போய், "எஸ்எஸ்டி போட்டு ஃபார்மேட் அடிச்சுக் குடுங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வருகிறார்கள். சாயங்காலம் கைக்கு வரும் மடிக்கணினி பறக்கத்தான் செய்கிறது. மறுநாள் கல்யாணப் பத்திரிகை ஃபைலைத் திறந்தால் எழுத்தெல்லாம் கொக்கி கொக்கியாகத் தெரிகிறது. கணக்கு மென்பொருளான டாலி லைசன்ஸ் கேட்கிறது. பழைய டிஸ்க்கோ சில நூறு ரூபாய்த் தள்ளுபடிக்குக் கடையிலேயே தங்கிவிட்டது.

புது டிஸ்க்கில் இயங்குதளத்தைப் புதிதாகப் போடுங்கள். பழைய டிஸ்க்கை அழிக்காமல், விற்காமல், குறைந்தது மூன்று மாதம் வீட்டில் வையுங்கள். நான் சொல்ல வந்தது இதுதான். காரணங்களை எழுதுகிறேன்.

பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்துப் புதியதில் இறக்கிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. குளோன் என்பார்கள். ஆறேழு வருடம் ஓடிய விண்டோஸில் சேர்ந்திருக்கும் குப்பை, பாதி நீக்கிய ஆன்டிவைரஸ், வைரஸ் இருந்தால் அதுவும், எல்லாம் கூடவே வரும். தேய்ந்த ஹார்ட் டிஸ்க்கில் படிக்க முடியாத இடங்கள் இருந்தால் நகலெடுப்பு பாதியில் நின்றுவிடும். நிற்கும் வரை அந்த டிஸ்க்கைப் போட்டு வதைத்ததுதான் மிச்சம். டிஸ்க் நல்ல நிலையில் இருந்து, மறுபடி நிறுவ முடியாத மென்பொருள் ஒன்று அதில் இருந்தாலொழிய குளோன் வேண்டாம்.

முதலில் வாங்கும்போது. மடிக்கணினியைத் திறந்து பார்க்காமல் எஸ்எஸ்டி வாங்காதீர்கள். ஏழெட்டு வருடத்துக்கு முந்தையவற்றில் பெரும்பாலும் சாட்டா என்கிற பழைய இணைப்பு முறையில் மாட்டும் 2.5 அங்குல டிஸ்க்தான் இருக்கும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் ஆரம்ப காலத்தவையும் இந்த வகைதான். அதற்கு 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள சாட்டா எஸ்எஸ்டி போதும். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் என்றால் புதியது கொஞ்சம் ஆடும். சில பெட்டிகளோடு வரும் 2.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டினால் சரியாகும். புதிய மடிக்கணினிகளில் எம்.2 என்கிற சூயிங்கம் பட்டை அளவுள்ள அட்டை. இதில்தான் ஏமாறுகிறார்கள். பார்ப்பதற்கு ஒன்று போலிருந்தாலும் எம்.2 அட்டையில் சாட்டா வேறு, அதைவிட வேகமான என்விஎம்இ இணைப்பு வேறு. பொதுவாகத் தங்க முனையில் இரண்டு வெட்டு இருந்தால் சாட்டா, ஒரே வெட்டு என்றால் என்விஎம்இ. சாட்டா மட்டும் ஏற்கும் இடத்தில் என்விஎம்இ அட்டையைப் போட்டால் கணினி அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. கடைக்காரர் "பீஸ் டெட்" என்பார். அட்டையின் நீளமும் முக்கியம். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242 மட்டும் பிடிக்கும் இடத்தில் 2280 நுழையாது.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பி, மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3,500 எம்பி என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். நடைமுறையில் பழைய மடிக்கணினிக்கு இந்த வித்தியாசம் அவ்வளவு தெரியாது. ஹார்ட் டிஸ்க் திணறுவது சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி முள் அங்குமிங்கும் ஓடுவதால். அந்த ஓட்டம் எஸ்எஸ்டி எதிலும் இல்லை. எனவே சாட்டாதான் போட முடியும் என்றால் வருத்தப்பட ஒன்றுமில்லை. 4 ஜிபி ரேமோடு எஸ்எஸ்டி போட்டுவிட்டு "இன்னும் இழுக்குதே" என்பவர்கள் இன்னொரு 4 ஜிபி சேர்க்க வேண்டும். அதிலும் டிடிஆர்3, டிடிஆர்3எல் என்று இரண்டு உண்டு. பின்னது 1.35 வோல்ட். இன்டெல் நான்காம் தலைமுறை மடிக்கணினிகள் பெரும்பாலும் இதைத்தான் கேட்கும்.

500 ஜிபி என்று வாங்கியது 465 ஜிபி என்று காட்டினால் ஏமாற்று அல்ல. தயாரிப்பாளர் ஆயிரத்தால் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது. 256 என்பது 238 ஆகும், 1 டிபி என்பது 931. ஆனால் பேர் தெரியாத பிராண்டில் 2 டிபி என்று எழுதி அடிமாட்டு விலைக்கு விற்பது வேறு கதை. உள்ளே சின்ன சில்லு இருக்கும். கணக்கு மட்டும் பெரிதாகக் காட்டும். நிரம்பியதும் பழைய படங்களின் மேலேயே எழுதும். வாங்கிய அன்றே கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவசக் கருவியில் ஓடிய நேரம் எவ்வளவு என்று பாருங்கள். புதிய டிஸ்க்கில் அது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். பில்லில் சீரியல் எண் எழுதி வாங்குங்கள். எல்லை தாண்டி வாங்குபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மூன்று வருடமோ ஐந்து வருடமோ வாரண்டி தருவது தயாரிப்பாளர், கடை அல்ல. பில் இல்லாவிட்டால் எந்த ஊர்க் கவுன்டரிலும் பேச்சு எடுபடாது.

அடுத்து, கழற்றுவதற்கு முன் பழைய விண்டோஸில் உட்கார்ந்து செய்ய வேண்டியவை. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், படங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். மறப்பது எழுத்துருக்களை. இந்தப் பக்கத்து டிடிபி கடைகளில் தமிழுக்குப் பாமினியும் வானவில்லும், மலையாளத்துக்கு எம்எல்-டிடி வகை எழுத்துருக்களும் இன்னும் ஓடுகின்றன. இவை யூனிகோடு அல்ல. எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஃபைலைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்தும் குறியும்தான் தெரியும். பத்து வருடப் பத்திரிகை, பேனர், ஓட்டு வேட்டை நோட்டீஸ் அத்தனையும் அந்த ஒரு ஃபோல்டரை நம்பி இருக்கிறது. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் இருப்பது பலருக்குத் தெரியும். ஆனால் விண்டோஸ் 10இன் பிந்தைய பதிப்புகளில் சாதாரணமாக இரட்டைச் சொடுக்குப் போட்டு நிறுவிய எழுத்துருக்கள் அங்கே போவதில்லை. பயனர் பெயருள்ள ஃபோல்டருக்குள், மறைந்திருக்கும் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று இறங்கிப் போனால் அங்கே கிடக்கும். இரண்டு இடத்திலிருந்தும் எடுங்கள்.

டாலி வைத்திருக்கும் வியாபாரிகள், தேங்காய் மண்டி, காய்கறி மண்டிக்காரர்கள், ஃபார்மேட்டுக்குக் கொடுக்கும் முன் டாலிக்குள் போய் லைசன்ஸை சரண்டர் செய்ய வேண்டும். செய்யாமல் டிஸ்க்கைக் கழற்றினால் அந்த லைசன்ஸ் இன்னும் பழைய இடத்திலேயே ஓடுகிறது என்று சர்வர் நினைத்துக்கொண்டிருக்கும். கணக்கு விவரம் டாலிபிரைமில் வழக்கமாக சி டிரைவில் யூசர்ஸ், பப்ளிக், டாலிபிரைம், டேட்டா என்கிற இடத்தில் இருக்கும். பழைய இஆர்பி 9இல் அதன் சொந்த ஃபோல்டருக்குள். டாலிக்குள்ளிருந்தே பேக்கப் எடுப்பது உத்தமம். ஜிஎஸ்டி போடும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்குப் பயப்பட வேண்டாம். சான்றிதழ் அந்த யுஎஸ்பி குச்சிக்குள்ளேயே இருக்கிறது, அதை இயக்கும் சின்ன மென்பொருளான டிரைவரை மட்டும் மறுபடி போட வேண்டும்.

இன்னொன்று பிட்லாக்கர், அதாவது விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடும் பூட்டு. தெரியாமலேயே பலருடைய டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது. செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் என்றிருந்தால் கழற்றும் முன் அதை ஆஃப் செய்து, பூட்டு முழுக்க விலகும் வரை காத்திருங்கள். இல்லாவிட்டால் நாளை பழைய டிஸ்க்கை யுஎஸ்பியில் செருகும்போது 48 இலக்க எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு மறந்தவர்கள் டிஸ்க்கைப் பேப்பர்வெயிட்டாக வைத்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் கீ எங்கே என்று தேடி அலைய வேண்டியதில்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு வாங்கிய மடிக்கணினிகளில் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. டிஸ்க்கை மாற்றினால் அது போகாது. அதே பதிப்பை நிறுவினால், நம் ஊரில் பெரும்பாலும் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ், இணையம் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். சொந்தமாக அசல் லைசன்ஸ் இருக்கும்போதே கடையில் கிராக் செய்த புரோ பதிப்பை ஏற்றிக் கொடுக்கிறார்கள். வாங்கி வந்ததும் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைப் பாருங்கள். கொண்டுபோனது ஹோம், கொண்டுவந்தது புரோ என்றால் காரணம் கேளுங்கள். கிராக் கருவிகள் முதலில் செய்யச் சொல்வது விண்டோஸின் வைரஸ் காவலான டிஃபெண்டரை அணைக்கத்தான். அப்படி ஒரு கணினியில் நெட் பேங்கிங் செய்வது வாசலைத் திறந்து போட்டுவிட்டுப் பீரோவைப் பூட்டுகிற கதை.

பென்டிரைவ் தயாரிப்பு. மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல், 8 ஜிபிக்குக் குறையாத பென்டிரைவ். அதிலிருக்கும் எல்லாம் அழியும். நிறுவல் ஃபைல்கள் எல்லாம் அடங்கிய பொதியான ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, உள்ளிருப்பதைப் பென்டிரைவில் வெறுமனே இழுத்துப் போட்டால் பல சமயம் பாதியில் நிற்கும். காரணம், ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. விண்டோஸின் முக்கிய ஃபைல் அதைத் தாண்டுகிறது. ரூஃபஸ் என்கிற சின்னக் கருவி இந்தச் சிக்கலைத் தானே கையாளும். அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு, மடிக்கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து வைஃபை டிரைவரையும், இன்டெல் பதினோராம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது என்றால் ஆர்எஸ்டி விஎம்டி டிரைவரையும் விரித்து வையுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இனி பெட்டியைத் திறப்பது. அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். அடிப்பக்கத் திருகுகளில் நீளமானவையும் குட்டையானவையும் கலந்திருக்கும். ஒரு வெள்ளைத் தாளில் மடிக்கணினி வடிவம் வரைந்து, எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் குத்தி வைத்தால் குழப்பமில்லை. குட்டைத் திருகின் ஓட்டையில் நீளத்தை முறுக்கினால் மேல்புறம் கை வைக்கும் இடத்தில் புடைத்துக்கொண்டு வரும். எல்லாத் திருகையும் எடுத்த பிறகும் மூடி வராவிட்டால் ரப்பர் பாதங்களுக்கு அடியில் பாருங்கள், இரண்டு ஒளிந்திருக்கும். பலவந்தம் வேண்டாம். காலாவதியான ஏடிஎம் கார்டை விளிம்பில் நுழைத்து நகர்த்தினால் கொக்கிகள் டக் டக் என்று விடும். உள்ளே முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. இதை விட்டுவிட்டுத் திருப்புளி நழுவினால் மதர்போர்டு போகும்.

நம் பக்கத்தில் ஒரு தனிச் சங்கதி. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வீசும்போது பாலியஸ்டர் சட்டையைக் கழற்றினாலே சடசடவென்று பொறி பறக்கும். அந்த மின்னேற்றம் சில்லுகளுக்கு ஆகாது. வேலையைத் தொடங்கும் முன்னும் நடுநடுவிலும் பெயின்ட் இல்லாத இரும்பு ஜன்னல் கம்பியையோ இரும்புக் குழாயையோ தொட்டுக்கொள்ளுங்கள். கம்பளி, பிளாஸ்டிக் பாய் மேல் வைத்துத் திறக்க வேண்டாம், மரமேசை போதும்.

எம்.2 அட்டையை ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் நுழைத்து, தங்க முனை மறையும் வரை தள்ளி, கீழே அழுத்தி ஒற்றைத் திருகைப் போட வேண்டும். அந்தக் குட்டித் திருகு பல மடிக்கணினிகளில் காலி இடத்தோடு வருவதே இல்லை; அட்டை வாங்கும்போதே எம்2 அளவு, 3 மில்லிமீட்டர் நீளம் என்று கேட்டு வாங்குங்கள். செலோடேப் ஒட்டி அனுப்பப்பட்ட அட்டைகள் உண்டு. சூட்டில் பசை இளகி, அட்டை தூக்கிக்கொண்டு, "டிஸ்க் இல்லை" என்று திரை சொல்லும்.

இப்போது பழைய டிஸ்க்கைப் பற்றிய முக்கியமான விஷயம். மடிக்கணினியில் இரண்டுக்கும் இடம் இருந்தாலும், நிறுவும் நேரத்தில் பழையதைக் கழற்றி வையுங்கள். பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே இஎஃப்ஐ என்கிற துவக்கப் பகுதி இருந்தால், விண்டோஸ் நிறுவி புதிய டிஸ்க்கில் இயங்குதளத்தைப் போட்டுவிட்டு, துவக்கக் கோப்புகளைப் பழையதிலேயே வைத்துவிடும் பழக்கம் உடையது. எல்லாம் நன்றாக ஓடும். ஒரு நாள் பழைய டிஸ்க் போனதும், அல்லது நீங்கள் அதைக் கழற்றியதும், புத்தம் புது எஸ்எஸ்டி பூட் ஆகாது. "புது டிஸ்க் அவுட்" என்று வாரண்டிக்கு வருபவற்றில் இந்த வகையும் உண்டு. ஒன்று மட்டும் உள்ளே இருந்தால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. தவறான டிஸ்க்கை அழித்துவிடும் பயமும் இல்லை.

பேட்டரியை மீண்டும் இணைத்து, சார்ஜர் செருகி, பென்டிரைவோடு ஆன் செய்யுங்கள். எதிலிருந்து துவங்குவது என்று கேட்கும் பூட் மெனு டெல், லெனோவோ, ஏசர் ஆகியவற்றில் பொதுவாக எஃப்12, எச்பியில் எஸ்கேப் அழுத்தி எஃப்9, ஆசஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்யாவிட்டால் எஃப்2 வழியாக மதர்போர்டின் அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போய் அந்த வசதியை முதலில் எனேபிள் செய்ய வேண்டும்.

நிறுவி ஓடத் தொடங்கி, எந்த டிஸ்க்கில் என்று கேட்கும் கட்டத்தில் பட்டியல் வெறுமையாக இருந்தால் பதற வேண்டாம். பதினோராம் தலைமுறை இன்டெல் முதல் பல மடிக்கணினிகளில் விஎம்டி என்கிற இடைத்தரகர் வழியாகத்தான் டிஸ்க் தெரியும். விண்டோஸ் நிறுவியில் அந்தத் தரகரோடு பேசும் டிரைவர் இல்லாதபோது டிஸ்க்கே இல்லை என்கும். "லோட் டிரைவர்" கொடுத்து, பென்டிரைவில் விரித்து வைத்த விஎம்டி ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் முளைக்கும். டிரைவரை ஜிப் ஆகவே வைத்திருந்தால் நிறுவிக்குத் தெரியாது, விரித்தாக வேண்டும். பயாஸில் விஎம்டியை டிசேபிள் செய்தும் இதைக் கடக்கலாம். ஏசரில் மெயின் பக்கத்தில் கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால்தான் அந்த வரி கண்ணுக்குத் தெரியும். ஆனால் விஎம்டியோடு நிறுவிய பழைய டிஸ்க்கை அப்புறம் மாட்டி பூட் செய்தால் நீலத் திரை வரும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பட்டியல் வந்ததும், புது டிஸ்க் "அன்அலொகேட்டட்" என்று ஒரே வரியாக நிற்கும். அதைத் தேர்ந்து நெக்ஸ்ட். அவ்வளவுதான். பகுதி பிரிக்கிறேன் பேர்வழி என்று கையை வைக்க வேண்டியதில்லை. இஎஃப்ஐக்கு 100 எம்பி, விண்டோஸ் தனக்கென ஒதுக்கும் எம்எஸ்ஆருக்கு 16 எம்பி, பின்னால் மீட்புப் பகுதி என்று நிறுவியே பார்த்துக்கொள்ளும். 256 ஜிபி டிஸ்க்கை சி, டி, இ என்று மூன்றாக வெட்டும் பழக்கம் ஹார்ட் டிஸ்க் காலத்தோடு போயிருக்க வேண்டும். சி நிரம்பி அப்டேட் ஏறாமல் நிற்கும், டி பாதி காலியாகக் கிடக்கும். வேறு கணினியில் ஓடிய எஸ்எஸ்டி என்றால் "எம்பிஆர் டிஸ்க், நிறுவ முடியாது" என்று மறுக்கலாம். எம்பிஆர், ஜிபிடி இரண்டும் டிஸ்க்கின் பகுதிகளைக் குறித்து வைக்கும் அட்டவணைகள், முன்னது பழையது. யுஇஎஃப்ஐ என்கிற புதிய துவக்க முறையில் துவங்கிய நிறுவி ஜிபிடி அட்டவணைதான் கேட்கும். ஷிஃப்ட்-எஃப்10 அழுத்திக் கறுப்புத் திரையில் டிஸ்க்பார்ட், லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க் 0, கிளீன், கன்வெர்ட் ஜிபிடி என்று ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் தட்ட வேண்டும். கிளீன் கேள்வி கேட்காது, உடனே துடைத்துவிடும். லிஸ்டில் ஜிபி அளவைப் பார்த்து, 0 என்பது பென்டிரைவ் அல்ல, எஸ்எஸ்டிதான் என்று உறுதி செய்த பிறகு தட்டுங்கள்.

முதல் முறை அணைந்து எழும்போது பென்டிரைவைப் பிடுங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் சில கணினிகள் மறுபடி முதலிலிருந்தே நிறுவத் தொடங்கும். அதை அறியாமல் மூன்று முறை நிறுவியவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த முட்டுக்கட்டை இணையம். விண்டோஸ் 11 ஹோம் இணையம் இல்லாமல் நகர விடாது; வைஃபை டிரைவர் இல்லாத கணினியில் வைஃபையே தெரியாது. பழைய குறுக்குவழிகளை மைக்ரோசாஃப்ட் ஒவ்வொன்றாக அடைத்து வருகிறது. சுலபமான வழி: ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் செருகி, போனின் இணையத்தைக் கணினிக்குத் தரும் யுஎஸ்பி டெதரிங் போடுங்கள். அதற்குத் தனி டிரைவர் வேண்டியதில்லை. பழைய மடிக்கணினியில் நெட் இருந்தும் "சான்றிதழ் பிழை" வந்தால், ஆக்டிவேஷனும் ஆகாவிட்டால், தேதியைப் பாருங்கள். மதர்போர்டிலுள்ள காசு அளவு செல் தீர்ந்து, காலண்டர் பல வருடம் பின்னால் போயிருக்கும்.

எல்லாம் முடிந்ததும் விண்டோஸ் அப்டேட்டை இரண்டு மூன்று சுற்று ஓடவிடுங்கள். பாதி டிரைவர்கள் அதிலேயே வந்துவிடும். தமிழ் தட்டச்சுக்குத் தனி மென்பொருள் தேட வேண்டாம், தமிழ் 99, அஞ்சல் இரண்டும் விண்டோஸிலேயே உண்டு. லாங்குவேஜ் பகுதியில் தமிழையும் மலையாளத்தையும் சேர்த்துவிட்டால் விண்டோஸ் பொத்தானோடு ஸ்பேஸை அழுத்தி மாறிக்கொள்ளலாம். பேஜ் ஃபைலை அணை, ஹைபர்னேட்டை அணை, எஸ்எஸ்டி ஆயுளைக் கூட்டு என்று உலவும் பத்துக் கட்டளைப் பட்டியல்களைத் தொடவே வேண்டாம். சிதறிய ஃபைல்களை அடுக்கும் டிஃப்ராக் பற்றிய பயமும் தேவையில்லை. எஸ்எஸ்டி என்று தெரிந்தால் விண்டோஸ் அதற்குப் பெரும்பாலும் டிரிம்தான், அதாவது அழித்த இடத்தைக் காலி என்று டிஸ்க்குக்குச் சொல்லும் வேலைதான், செய்யும். கால்வாசி இடம் காலியாக விட்டால் அது போதும்.

விண்டோஸ் 11 ஏறாத கணினிகளைப் பற்றி. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவை ஏறத்தாழ எல்லாமே அதிகாரபூர்வமாகத் தகுதி பெறாதவை, டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டது. ரூஃபஸில் ஒரு கட்டத்தைத் தேர்ந்தால் சோதனையைத் தாண்டி 11ஐ ஏற்றிவிடலாம்; ஆனால் நாளை ஒரு பெரிய அப்டேட் ஏறாமல் நின்றால் கேட்க ஆளில்லை. படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் நல்லது என்பேன். எல்லைக்கு இந்தப் பக்கம் கேரளப் பள்ளிகளில், தமிழ்வழி வகுப்புகள் உட்பட, கணினிப் பாடம் மாநில அரசின் கைட் நிறுவனம் தரும் கைட் குனு/லினக்ஸில்தான் நடக்கிறது. அது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. பள்ளியில் ஜியோஜீப்ராவும் ஜிம்ப்பும் பழகிய பிள்ளை வீட்டில் வேறொன்றைப் பழக வேண்டியதில்லை. உபுண்டு 24.04, அல்லது அதன் மேல் கட்டிய லினக்ஸ் மின்ட் 22, இரண்டையும் நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, கேமரா மூன்றும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு நிறுவுங்கள்.

இரண்டும் வேண்டும் என்பவர்கள் முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ் என்ற வரிசையைக் காக்க வேண்டும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைக்காவிட்டால் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகுதியில் எழுத முடியாது. லினக்ஸில் இருந்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்கும். அது பழுது அல்ல. லினக்ஸ் மதர்போர்டுக் கடிகாரத்தில் கிரீன்விச் நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று நம்புகிறது. லினக்ஸ் டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்று ஆங்கிலத்தில் ஒரு முறை தட்டினால் தீரும்.

கழற்றிய பழைய டிஸ்க்குக்கு ஒரு யுஎஸ்பி கூடு வாங்கிப் போடுங்கள். 2.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி மின்சாரம் வேண்டாம், கேபிளே போதும். பழைய பயனர் ஃபோல்டரைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்றால் கன்டினியூ கொடுங்கள். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுத் திறக்கும். விட்டுப்போன எழுத்துருவும் ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலும் அங்கே இருக்கும். எஸ்எஸ்டியில் தவறி அழித்ததை மீட்பது கிட்டத்தட்ட முடியாத காரியம், டிரிம் ஓடியதும் அந்த இடம் காலியாகிவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் அந்தத் தொல்லை இல்லை. மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் பெட்டியில் வைக்கவும் எஸ்எஸ்டியை விட ஹார்ட் டிஸ்க்தான் நம்பகமானது.

மடிக்கணினி நிறுவனங்களின் பூட் மெனு, பயாஸ் பொத்தான்களை மட்டும் ஒரு சின்னக் கட்டத்தில் போட்டு ஞாயிறு இணைப்பில் வெளியிட்டால், வெட்டி எடுத்து மடிக்கணினிப் பைக்குள் வைத்துக்கொள்ளப் பலருக்கு உதவும். அதற்கு வேண்டிய விவரங்களைத் தொகுத்து அனுப்பத் தயார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.